ரேஸ் கார் பாகம் செய்ய ஐந்து ஆக்சிஸ் மெஷின் வேணுமா?

கேள்வி: ஏப்ரல் 8, இரவு

அண்ணா, சேலத்தில் ஐடிஐ மெஷினிஸ்ட் டிரேடு முடித்துவிட்டு கொண்டலாம்பட்டி பக்கம் ஒரு ஜாப் ஒர்க் பட்டறையில் விஎம்சி (கம்ப்யூட்டர் ஓட்டும் மில்லிங் மெஷின்) ஆபரேட்டராக இருக்கிறேன். தினமும் ஒரே பம்ப் பாகம். கதவைத் திற, கழற்று, மாட்டு, பச்சை பட்டனை அழுத்து. ரேஸ் கார், ரேஸ் பைக் பாகம் செய்யும் இடத்துக்குப் போக ஆசை. எங்க ஓனர் சிரிக்கிறார். அதெல்லாம் ஒரு மைக்ரான் வேலை, ஐந்து ஆக்சிஸ் மெஷினும் ஏசி ரூமும் வைத்திருக்கிறவன் செய்வது, சேலத்துக்கு ஆகாது என்கிறார். அவர் சொல்வது சரிதானே?

ஏப்ரல் 9, காலை

சரியில்லை. அவர் சொன்னதில் ஏசி மட்டும் பாதி நியாயம். அதற்கு அப்புறம் வருகிறேன்.

நான் கோவையில் ரேஸ் டீம்களுக்கு பாகம் செய்துகொடுக்கும் ஒரு பட்டறையில் செட்டராக, அதாவது பாகத்தையும் டூலையும் மெஷினில் அமைத்துக் கொடுப்பவனாக, இருந்தவன். இப்போது சூரமங்கலம் பக்கம் சொந்தமாக ஒரு மூன்று ஆக்சிஸ் விஎம்சி, ஒரு டர்னிங் சென்டர், ஒரு பழைய லேத். ரேஸ் வேலை இன்னும் வருகிறது. எல்லாம் இந்த மூன்று மெஷினில்தான் ஓடுகிறது. மூன்று ஆக்சிஸ் என்றால் நீளம், அகலம், உயரம் என்று மூன்று திசையில் மட்டும் நகர்ந்து வெட்டும். ஐந்து என்றால் கூடவே சாயவும் சுழலவும் செய்யும்.

முதலில் அந்த ஒரு மைக்ரான் கதை. மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சங்ககிரி லாரி ஒன்றின் பழைய டீசல் பம்பைக் கழற்றிப் பாருங்க. பிளஞ்சருக்கும் பேரலுக்கும் நடுவே இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான்தான். ரேஸ் கார் டிராயிங்கில் பெரும்பாலான அளவுகள் 0.1 மி.மீ. முன்னே பின்னே போகலாம் என்றுதான் இருக்கும். பேரிங் உட்காரும் இடம், டோவல் துளை என்று நாலைந்து இடத்தில் மட்டும் 20, 30 மைக்ரான் கேட்பார்கள். லாரிக்காரன் கேட்பதைவிட தாராளம்.

கஷ்டம் எண்ணிக்கையில் இருக்கிறது. உங்க பம்ப் பாகம் ஆயிரக்கணக்கில் ஓடும். ஆரம்பத்தில் சிலதை ஸ்கிராப்பில் போட்டு, ஆஃப்செட்டை (மெஷினில் கொடுக்கும் டூல் அளவுத் திருத்தம்) சரிசெய்து, அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டலாம். ரேஸ் பாகம் மொத்தமே இரண்டு. இடது ஒன்று, வலது ஒன்று. சாமானும் இரண்டுக்குத்தான் வெட்டி வந்திருக்கும். முதல் பீஸே கடைசி பீஸ்.

ஏப்ரல் 9, மதியம்

அப்படியானால் முதல் பீஸை எப்படி பயமில்லாமல் ஓட்டுவது என்று ஆத்தூர் நண்பர் கேட்கிறார். பயத்தோடுதான். இசட் (உயர) ஆஃப்செட்டை 50 மி.மீ. மேலே தூக்கி காற்றில் ஒரு ஓட்டம். அப்புறம் கீழே இறக்கி, சிங்கிள் பிளாக்கில் (புரோகிராமில் ஒவ்வொரு வரியாக நிறுத்தி), ரேப்பிட்டை (வெட்டாமல் பாயும் வேகம்) அடியோடு குறைத்து, ஒரு கை ஃபீட் ஹோல்டு என்ற நிறுத்தும் பட்டனிலேயே.

புது பையன்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஃபானக் கன்ட்ரோலில் (மெஷினை ஓட்டும் கம்ப்யூட்டர்) எக்ஸ் 50 என்று புள்ளி வைக்காமல் அடித்தால், பல மெஷின்களில் அது 50 மில்லிமீட்டர் இல்லை, 50 மைக்ரான். டூல் அசையவே இல்லையே, மெஷின் பழுதா என்று சர்வீஸ்காரருக்கு போன் போட்டவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர் பெங்களூரிலிருந்து பஸ் ஏறி வந்து, ஒரு புள்ளி வைத்து, பில் போட்டுவிட்டுப் போனார்.

ஏப்ரல் 11, இரவு

நேற்றே எழுத வேண்டியது. கரண்ட் இல்லை.

இந்த வேலையில் முக்கால்வாசி, பாகத்தை அசையாமல் பிடிப்பதுதான். வெட்டுவது அப்புறம். அப்ரைட் எடுத்துக்கொள்வோம். சக்கரத்தின் பேரிங்கை உள்ளே தாங்கிக்கொண்டு, மேலேயும் கீழேயும் விஷ்போன் (சஸ்பென்ஷன் கை) மாட்டிக்கொள்ளும் பாகம். 250 x 150 x 50 மி.மீ. 7075 அலுமினிய பிளாக் ஐந்து கிலோவுக்கு மேல் எடை. முடிந்த அப்ரைட் 700 கிராம்கூட வராது. மீதி எல்லாம் சிப்ஸ் தொட்டிக்குள்.

இவ்வளவு உலோகத்தை எடுத்தால் மிச்சம் இருப்பது சும்மா இருக்காது. பிளாக்குக்குள் உருட்டும்போதும் ஹீட் டிரீட்மென்டிலும் ஏறின இறுக்கம் அடைபட்டுக் கிடக்கிறது. ஒரு பக்கம் எடுத்ததும் மறுபக்கம் வளைக்கும். சுருட்டிக் கட்டிய பாயின் கயிற்றை அவிழ்த்ததும் நடப்பதுதான். அதனால் பிளேட் வாங்கும்போதே 7075-டி651 என்று கேட்டு வாங்குவேன். அந்த 51-க்கு அர்த்தம், ஆலையிலேயே பிளேட்டை இரண்டு பக்கமும் இழுத்து உள்ளிறுக்கத்தைத் தளர்த்தியிருக்கிறார்கள் என்பது. வெறும் டி6 பிளாக் விலை குறைவு என்று வாங்கினவர்கள் முடித்த பாகத்தை, சமதளம் பார்க்கும் சர்ஃபேஸ் பிளேட்டில் வைத்தால், ஊஞ்சல் ஆடும்.

டி651 வாங்கினாலும் ஒரே மூச்சில் முடிக்கக் கூடாது. இரண்டு பக்கமும் 1.5 மி.மீ. விட்டு ரஃபிங், அதாவது முதல் முரட்டு வெட்டு. கழற்றி வைத்துவிட வேண்டும், ராத்திரி முழுக்க. காலையில் டேட்டம் முகத்தை (எல்லா அளவும் தொடங்கும் முகம்) மறுபடி லேசாக ஒரு கட். அப்புறம் ஃபினிஷிங்.

ஃபினிஷிங்கில் பிடிப்பதுதான் வித்தை. வைஸை இறுக்கி, 72 மி.மீ. துளையை போரிங் பாரில் எடுத்து, உள்ளேயே போர் கேஜ் (துளை அளக்கும் கருவி) விட்டால் நாலு பக்கமும் ஒரே அளவு காட்டும். மனசு குளிரும். வைஸைத் தளர்த்துங்க. கேஜை எடுக்காமல் முள்ளைப் பாருங்க. ஒரு பக்கம் 15 மைக்ரான் கூடும், குறுக்கே 15 குறையும். வட்டமாக வெட்டினது முட்டையாகிவிட்டது. மெஷின் தப்பு செய்யவில்லை. வளைந்து நின்ற பாகத்தில் சுத்தமான வட்டம் போட்டது, பாகம் தன் இடத்துக்குத் திரும்பியது, அவ்வளவுதான்.

அதனால் ஃபினிஷிங்குக்கு வைஸே கிடையாது. அந்தப் பாகத்தைப் பிடிக்கவென்றே செய்த கெட்டியான ஒரு ஃபிக்சர் பிளேட்டில், பாகத்தில் ஏற்கெனவே இருக்கிற போல்ட் துளைகள் வழியே மேலிருந்து கீழே இறுக்கம், டார்க் ரெஞ்ச் வைத்து. பக்கவாட்டில் ஒரு அழுத்தமும் வரக்கூடாது. சில நேரம் அந்த ஃபிக்சர் செய்ய பாகத்தைவிட அதிக நேரம் ஆகும். கஸ்டமருக்கு இது புரியாது. "பிளேட்டுக்கும் சேர்த்தா காசு?" என்பார்.

ஏப்ரல் 12, மாலை

பேரிங் துளையைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஃபார்முலா பாரத் நடக்கிறதே, கல்லூரிப் பசங்க தாங்களே கார் கட்டிக்கொண்டு வந்து ஓட்டும் போட்டி. அதற்காக இந்தப் பக்கத்துப் பசங்க அப்ரைட் டிராயிங்கைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பேரிங் துளை 72 எச்7 என்று போட்டிருக்கும். புத்தகத்தில் அதுதான் முதலில் வரும், அதையே போட்டுவிடுகிறார்கள். எச்7 என்றால் துளை 72.000-லிருந்து 72.030 வரை. பேரிங் 72 அல்லது அதற்கும் சற்றுக் கீழே. அதாவது ஆரம்பத்திலேயே பிடிப்பு இல்லை.

இப்போது காரை ஓட்டுங்க. பிரேக் டிஸ்க் சூடு அப்ரைட்டுக்கு ஏறுகிறது. அலுமினியம் ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 23 மைக்ரான் விரியும், பேரிங் ஸ்டீல் 12 சுமார். வித்தியாசம் 11. 72 மி.மீ.க்கு, 60 டிகிரி ஏறினால், துளை பேரிங்கைவிட ஏறக்குறைய 47 மைக்ரான் பெரிதாகிவிடும். பேரிங்கின் வெளிவளையம் துளைக்குள் சுற்ற ஆரம்பிக்கும். அலுமினியம் தேயும். அப்புறம் சக்கரம் ஆடும்.

நான் அவர்களை உட்காரவைத்து பி7-க்கு மாற்றச் சொல்வேன். 72-க்கு அது மைனஸ் 21-லிருந்து மைனஸ் 51 மைக்ரான் வரை, துளை பேரிங்கைவிடச் சின்னது. அப்படியும் 60 டிகிரியில் பிடிப்பு ஏறக்குறைய போய்விடும் என்பதால், பக்கத்தில் பேரிங்கை நகராமல் பிடிக்க ஒரு ரிட்டெய்னர் பிளேட் கட்டாயம். இறுக்கிப் போடுவதால் பேரிங் உள்ளே இடைவெளி குறையும், ஆகவே உள் இடைவெளி கூடுதலாக விட்ட சி3 பேரிங். ஒரு எழுத்தை மாற்றப் போனால் பின்னாலேயே இரண்டு வேலை வருகிறது.

மாட்டும்போது சுத்தியல் எடுத்தால் கையை உடைப்பேன். பழைய சமையல் அவன் ஒன்று பட்டறையில் இருக்கிறது. அப்ரைட்டை 100 டிகிரி பக்கம் வைத்து எடுத்தால் துளை 100 மைக்ரான் போல திறந்து நிற்கும், பேரிங் தன் எடையிலேயே இறங்கும். கேஸ் டார்ச் காட்டாதீங்க. 7075-க்கு பலம் ஏற்றும் சூடே 120 டிகிரி பக்கம்தான். அதைத் தாண்டிக் கொளுத்தினால் காசு கொடுத்து வாங்கின பலம் அங்கேயே இறங்கிவிடும்.

ஏப்ரல் 13

இப்போது ஏசி. சித்திரை மதியம் என் பட்டறை தகரத்துக்குக் கீழே 40 டிகிரி. எல்லா அளவும் 20 டிகிரியில் என்று உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட கணக்கு. 100 மி.மீ. அலுமினியம் 20 டிகிரி கூடுதல் சூட்டில் 46 மைக்ரான் நீளும். ஏசி இல்லாமல் 20 மைக்ரான் வேலை எப்படி என்றால், அந்த நாலு அளவை மட்டும் விடிகாலையில் எடுப்பேன். மேட்டூர் தண்ணி வரும் நேரம். பட்டறை அப்போதுதான் ஆறியிருக்கும்.

ஏப்ரல் 13, இரவு

ஓசூரிலிருந்து ஒரு தரக்கட்டுப்பாட்டு ஆள் கிடுக்கிப்பிடி போட்டிருக்கிறார்: மைக்ரோமீட்டரும் ஸ்டீல்தானே, அதுவும் கூடவே நீளுமே, முழு 46 எப்படித் தெரியும்? வாஸ்தவம். கருவியும் பாகமும் ஒரே சூட்டில் இருந்தால் வித்தியாசம் 22, 23 மைக்ரானாகத்தான் தெரியும். ஆனால் மெஷினிலிருந்து வெந்நீராக இறங்கின பாகத்தை, மேஜை டிராயரில் ஜில்லென்று கிடந்த கருவியால் அளந்தால் 46-க்கு மேலேயே பொய் சொல்லும். ஸ்டீல் பாகத்துக்கு ஸ்டீல் கருவி, இரண்டும் ஒரே மேஜையில் ஒரு மணி நேரம் கிடந்தால், 40 டிகிரியிலும் பயமில்லை. அலுமினியம்தான் தொல்லை.

ஏப்ரல் 15

7075 என்று கொடுத்தது 7075-தானா என்று எப்படித் தெரியும்? நல்ல கேள்வி. 6061 என்ற இன்னொரு அலுமினிய ரகமும் 7075-ம் பார்த்தால் ஒன்றுதான். பலத்தில் கிட்டத்தட்ட இரட்டை வித்தியாசம். சேலத்தில் 7075 கேட்டால் எளிதில் கிடைக்காது, கோவை அல்லது பெங்களூர். டெஸ்ட் சர்ட்டிஃபிகேட் கொடுப்பார்கள், அதுவும் ஜெராக்ஸ். யாருடைய ஜெராக்ஸ் என்று யார் கண்டது.

ஹார்ட்னெஸ் டெஸ்டர் இருந்தால் நிமிஷத்தில் தெரியும். 6061-டி6 பிரினெல் கடின அளவில் 95, 7075-டி6 150 சுமார். என்னிடம் டெஸ்டர் இல்லை. ஆனால் சேலத்தில் செவ்வாய்ப்பேட்டை இருக்கிறது. கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் நண்பரின் தராசு மில்லிகிராம் வரை காட்டும், பெரிய தராசு கிராமில் ஏமாற்றாது. பிளாக்கிலிருந்து 100 x 100 x 25 துண்டு ஒன்றை ஆறு பக்கமும் மில் செய்து எடுத்துக்கொண்டு போவேன். 250 கன சென்டிமீட்டர். 6061 என்றால் 675 கிராம், 7075 என்றால் 702. இருபத்தேழு கிராம் வித்தியாசம். வெள்ளிக்காரருக்கு அது பெரிய விஷயம், கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார்.

அளவு சரியாக இருந்தால்தான் எடையும் பேசும். துண்டு 24.5 மி.மீ. ஆக இருந்துவிட்டால் 7075-ம் 688 காட்டி இரண்டுக்கும் நடுவில் நிற்கும். அதனால் துண்டை அளந்த பிறகே பைக்கை எடுப்பது.

ஒருமுறை 677 காட்டியது. சப்ளையருக்கு போன் செய்தேன். "அது அப்படித்தான் சார் இருக்கும்" என்றார். அதோடு அவர் சகவாசம் முடிந்தது. பெயர் கேட்காதீங்க.

ஏப்ரல் 16

கூலண்ட் பற்றி இன்பாக்ஸில் வந்ததற்கு இங்கேயே பதில். போர்வெல் தண்ணியில் கலக்காதீங்க. நம்ம ஊர் உப்புத் தண்ணியில் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும், அலுமினியத்தில் கறை படியும், வாரத்தில் நாற்றம் வரும். மேட்டூர் தண்ணி அல்லது ஆர்ஓ. ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்து 8 சதவீதம். முடிந்தது.

ஏப்ரல் 19, ஞாயிறு

காசு. யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

ரேஸ் வேலையை மட்டும் நம்பினால் மெஷின் லோன் கட்ட முடியாது. இந்த நாட்டில் ரேஸ் நடப்பதே குறைவு. நடப்பதிலும் பல பந்தயங்கள் ஒரே வகைக் காருக்கானவை. எல்ஜிபி ஃபார்முலா 4 போன்றவற்றில் எல்லோருக்கும் ஒரே கார், ஒரே எஞ்சின். ஓட்டுகிறவன் திறமை தெரியணும் என்பதற்காக அப்படி. பார்க்க நியாயம்தான், ஆனால் மெஷினிஸ்டுக்குச் சோறு இல்லை. மாற்றி வடிவமைக்க அனுமதி இருந்தால்தானே எங்களுக்கு டிராயிங் வரும்?

என் பட்டறையை நடத்துவது திருச்செங்கோடு. போர்வெல் ரிக் வண்டி சாமான், ஹைட்ராலிக் ஃபிட்டிங், சேகோ ஆலை ஷாஃப்ட். அந்தக் காசில்தான் ரேஸ் பாகத்துக்கு ராத்திரி உட்கார முடிகிறது. ரேஸ்காரர்கள் வியாழக்கிழமை கூப்பிடுவார்கள், சனிக்கிழமை வேண்டும் என்பார்கள், காசு அடுத்த சீசனில் கொடுப்பார்கள். ரிக்காரர் மீசையை முறுக்கிக்கொண்டு பேசுவார், ஆனால் வண்டி கிளம்பும் முன்னால் பணம் எண்ணி வைத்துவிடுவார்.

சம்பளத்துக்குப் போவதென்றால்: ஓசூரில் டிவிஎஸ் ரேசிங் 1982-லிருந்து இருக்கிறது, பைக்கும் ஸ்கூட்டரும். கோவையில் ரேஸ் கார் கட்டிய கரிவரதன் காலத்திலிருந்தே ஒற்றை இருக்கை கார் கட்டும் கை இருக்கிறது. நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன் போனபோது நாங்கள் பட்டறையில் டிவி வைத்துப் பார்த்தோம். சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை டிராக்கைச் சுற்றி டீம்கள். இவற்றில் எங்கேயும் மெஷினிஸ்ட் இடம் கைவிரல் விட்டு எண்ணுகிற அளவுதான். ஆனால் இவர்களுக்கு ஜாப் ஒர்க் செய்யும் சின்ன சின்ன பட்டறைகள் நிறைய. வழி அங்கேதான்.

ஏப்ரல் 20, காலை

நேற்று பொழுது விடிந்ததும் கோரிமேட்டில் டீ குடிக்க நின்றால், ஏற்காட்டுக்குப் போகிற பைக் ஊர்வலம். அதில் நாலு பேர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "அண்ணா, ரியர்செட் செய்து தருவீங்களா, பிரேக் காலிபர் பிராக்கெட் செய்து தருவீங்களா" என்று ஆரம்பித்துவிட்டார்கள். காலிபர் என்பது பிரேக் டிஸ்க்கைக் கவ்வும் பாகம், பிராக்கெட் அதை வண்டியில் தாங்குவது.

ரியர்செட் செய்து தருவேன். கால் வைக்கும் தண்டு, உடைந்தால் செருப்பு தேயும். ரோட்டில் ஓடும் வண்டிக்குக் காலிபர் பிராக்கெட் செய்ய மாட்டேன், எத்தனை பேர் சிபாரிசு கொண்டுவந்தாலும். டிராக்கில் ஓடும் வண்டிக்கு ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் பாகத்தைக் கழற்றிப் பார்க்கிற ஆள் இருக்கிறார். ஏற்காடு இறக்கத்தில் இருபது கொண்டை ஊசி, பெட்ரோல் மிச்சம் பண்ணுகிறேன் என்று நியூட்ரலில், பிரேக்கை மிதித்தபடியே வருகிற வண்டிக்கு யார் இருக்கிறார்? டாட் 4 பிரேக் ஆயில் புதுசாக இருந்தால் 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பழைய ஆயில் 155-லேயே கொதிக்கலாம். அடிவாரத்தில் நின்று மூக்கைத் திறந்து பாருங்க, எத்தனை பேர் அந்தச் சூட்டில் இறங்குகிறார்கள் என்று தெரியும்.

அதில் ஒரு பையன் விவாதம் செய்தான், "யூடியூப்பில் போடறாங்களே அண்ணா." போடட்டும்.

ஏப்ரல் 27

டைட்டானியம் வெட்டியிருக்கிறீர்களா என்று கேள்வி. கோவையில் வெட்டியிருக்கிறேன், சேலத்தில் யாரும் கொண்டுவரவில்லை. அலுமினியம் சூட்டை உடனே பரப்பிவிடும். டைட்டானியம் பரப்பாது, சூடு எல்லாம் டூலின் முனையிலேயே தங்கும். கூர்மையான டூல், நிமிஷத்துக்கு 50 மீட்டர் போல மெதுவான வேகம், கூலண்ட் தாராளம், டூல் உரசிக்கொண்டு நிற்கவே கூடாது. நின்றால் போச்சு. மெல்லிய சிப்ஸ் தீப்பிடித்தால் தண்ணி ஊற்றாதீங்க, காய்ந்த மணல்.

மக்னீசியம் இன்னும் மோசம். அதைப் பற்றிப் பேசினால் என் மாமா, "நம்ம ஊரிலேயே மக்னசைட் மலை இருக்கே, அதிலிருந்து எடுக்கலாமே" என்று ஆரம்பிப்பார். மாமா, அது கார்பனேட். அதை எரித்து உலைக்குச் செங்கல் செய்கிறார்கள். உலோகமாக்கி ரேஸ் கார் சக்கரம் செய்ய வேறு ஆலை வேண்டும்.

மே 3

இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். உள் மூலை ரேடியஸ், அதாவது உள் மூலையைக் கூராக விடாமல் கொடுக்கும் வளைவு.

நான் முன்பு இருந்த ஒரு இடத்தில் ஈஎன்24 ஸ்டீலில் ஸ்டப் ஆக்சில் (சக்கரம் மாட்டும் குட்டை அச்சு) செய்தோம். தோள்பட்டையில் டிராயிங் கேட்டது 2 மி.மீ. ரேடியஸ். ராத்திரி ஷிப்ட்டில் கையில் இருந்த, முனை ரேடியஸ் 0.4 மி.மீ. மட்டுமே உள்ள இன்சர்ட்டை (வெட்டும் முனை) வைத்து முடித்துவிட்டார்கள். விட்டம் எல்லாம் அளவுக்குள். இன்ஸ்பெக்‌ஷனில் ரேடியஸ் கேஜ் எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. பாகம் ஓ.கே. என்று போய்விட்டது.

பிராக்டீஸ் ஓட்டத்தில் உடைந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. உடைந்த முகத்தை என் கையில் வாங்கிப் பார்த்தேன். அந்தக் கூர் மூலையில் ஒரு புள்ளி, அதிலிருந்து வரி வரியாக வளைந்த கோடுகள், வழவழப்பாக. கடைசிக் கால் பங்கு மட்டும் சொரசொரவென்று சாம்பல் நிறம். வழவழப்பான பக்கம் முழுக்க விரிசல் மெல்ல மெல்ல நகர்ந்த இடம், சொரசொரப்பு ஒரே நொடியில் பிய்ந்த இடம். எத்தனை சுற்று அந்த விரிசலோடு ஓடியிருக்கும் என்று எண்ணிப் பார்க்க வயிறு கலங்கும்.

தரமான டீம்கள் இதற்காகத்தான் ஒவ்வொரு பாகத்துக்கும் எண் குத்தி, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று கணக்கு வைத்து, குறிப்பிட்ட தூரம் வந்ததும் நன்றாக இருந்தாலும் தூக்கிப் போடுகிறார்கள். இடையில் கிராக் டெஸ்ட். அலுமினியத்துக்கு டை பெனட்ரன்ட் நம்ம பட்டறையிலேயே செய்யலாம். சுத்தமாகக் கழுவி, சிவப்பு ஸ்ப்ரே அடித்து, டீ குடித்துவிட்டு வந்து, துடைத்து, வெள்ளை டெவலப்பர் அடித்தால், விரிசல் இருக்கும் இடத்தில் சிவப்புக் கோடு எழுந்து வரும். மூன்று டப்பா வாங்கினால் பல பாகத்துக்கு வரும்.

டீபர்ரிங்கை (ஓரத்துப் பிசிறு எடுப்பது) ஹெல்பர் பையனிடம் தள்ளிவிடும் பழக்கம் நம்ம ஊர் பட்டறைகளில் உண்டு. ரேஸ் பாகத்துக்கு அதை நானே செய்கிறேன். ஃபைலால் குறுக்கே இழுத்த ஒரு கீறல் போதும், விரிசல் அங்கே தொடங்க.

மே 4

"ரேடியஸ் கேஜ் விலை எவ்வளவு?" என்று கேட்டவருக்கு: ஒரு வாரம் தட்டுவடை செட் சாப்பிடாமல் இருந்தால் வாங்கிவிடலாம்.

மே 11

முதல் குறிப்பைத் திரும்பப் படித்தேன். ஐந்து ஆக்சிஸை ரொம்ப மட்டம் தட்டிவிட்ட மாதிரி இருக்கிறது.

சிலிண்டர் ஹெட் போர்ட், டர்போ இம்பெல்லர், வளைந்து போகும் இன்டேக், இதெல்லாம் மூன்று ஆக்சிஸில் நடக்காது. அப்ரைட்டையே எடுத்தால், நான் ஆறு முறை கழற்றி மாட்டுகிறேன், ஐந்து ஆக்சிஸில் இரண்டு முறை. ஒவ்வொரு முறை மாட்டும்போதும் நாலைந்து மைக்ரான் எங்கேயாவது ஒளிந்துகொள்ளும். ஃபார்முலா ஒன் டீம்கள் இங்கிலாந்தில் ராத்திரி பகலாக ஐந்து ஆக்சிஸ் ஓட்டுவது பகட்டுக்காக இல்லை. அவர்களுக்கு சீசனில் ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒரு பந்தயம், புது டிராயிங் வந்தால் அடுத்த பந்தயத்துக்குள் கார் மேல் இருக்க வேண்டும். நேரம்தான் அங்கே காசு.

அதனால் ஐந்து ஆக்சிஸ் கிடைத்தால் விடாதீங்க. ஆனால் மூன்று ஆக்சிஸில் ஆறு முறை மாட்டி ஒரே டேட்டத்தில் கொண்டுவரத் தெரியாதவனை ஐந்து ஆக்சிஸ் முன் நிறுத்தினால், ஸ்பிண்டில் மாற்றும் செலவுதான் மிஞ்சும். அங்கேயும் பிடிப்புதான்.

மே 12, இரவு

கேட்ட தம்பிக்கு. ஒரு மாதமாக எல்லாரும் பேசிவிட்டோம், நீங்க சத்தமே காணோம்.

வேலையை விடாதீங்க. அந்தப் பம்ப் பாகத்தையே வைத்துக்கொண்டு உங்க செட்டரிடம் செட்டிங் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்க. டயல் வைத்து வைஸ் நேராக்குவது, சாஃப்ட் ஜா (பாகத்தின் வடிவத்துக்கே வெட்டும் வைஸ் தாடை) வெட்டுவது, ஜி54 (பாகத்தின் பூஜ்யப் புள்ளி) எடுப்பது, டூல் நீளம் எடுப்பது. ராத்திரி ஷிப்ட்டில் ஓனர் இல்லாதபோது செட்டர் மனசு வைத்தால் நடக்கும், ஒரு டீ செலவு. ஸ்கிராப் தொட்டியில் கிடக்கும் அலுமினியத் துண்டில் மெல்லிய சுவர் ஒன்று, 2 மி.மீ. கனம், 40 மி.மீ. உயரம், அதிர்வுக் கோடு இல்லாமல் எடுத்துப் பாருங்க. எடுத்ததும் இன்டர்வியூவுக்கு அதைக் கையில் கொண்டுபோங்க. கூடவே அதை எப்படிப் பிடித்தீர்கள் என்று பென்சிலில் வரைந்த ஒரு தாள். சர்ட்டிஃபிகேட்டைவிட அந்தத் தாளைத்தான் நான் முதலில் பார்ப்பேன். கோவைக்காரர்களும் அப்படித்தான் பார்ப்பார்கள்.

ஜூனில் மறுபடி கல்லூரிப் பசங்க அப்ரைட் டிராயிங்கோடு வருவார்கள். ஃபிக்சர் பிளேட் செய்ய ஒரு கை கூடுதலாக வேண்டும். சனிக்கிழமை உங்களுக்கு ஷிப்ட் இல்லை என்றால் சூரமங்கலம் வாங்க, முகவரியை இன்பாக்ஸில் போடுகிறேன். சேஃப்டி ஷூ போட்டுக்கொண்டு வாங்க. செருப்போடு வந்தால் வாசலோடு சரி.